உள்ளே வந்துவிட்டால் உறவா?

2018 பிப்ரவரி 6-ம் தேதி கும்பகோணத்தில் ஒரு பிரிண்டர் வேலை செய்யவில்லை. எந்த ஆபீசில்தான் பிரிண்டர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று கேட்கலாம். ஆனால் இது சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்த பிரிண்டர். வெளிநாட்டு வங்கிகளுக்குப் பணம் அனுப்பச் சொல்லிப் போகும் உத்தரவுகளுக்கு வரும் ஒப்புகை அதில்தான் தாளாக விழும். அன்று விழவில்லை. சாதாரணக் கோளாறு என்றே முதலில் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வங்கி அனுப்பவே அனுப்பாத மூன்று உத்தரவுகள் அதன் பெயரில் வெளியே போயிருந்தன.

முதல் உத்தரவு 5 லட்சம் டாலருக்கு. ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியின் நியூயார்க் கிளை வழியாகத் துபாய்க்கு. இரண்டாவது 3 லட்சம் யூரோ. அதே வங்கியின் ஃபிராங்ஃபர்ட் கிளை வழியாகத் துருக்கிக்கு. மூன்றாவது 10 லட்சம் டாலர். நியூயார்க் பேங்க் ஆஃப் அமெரிக்கா வழியாகச் சீனாவுக்கு. எல்லாம் சேர்த்து இருபது லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. அன்றைய மதிப்பில் சுமார் 12 கோடி ரூபாய். துபாய்க்குப் போன தொகை மட்டும் தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. மற்ற இரண்டின் பின்னால் வங்கி ஓட வேண்டியிருந்தது.

பிப்ரவரி 17, சனிக்கிழமை, வங்கி இதை வெளியே சொன்னது. பல நாடுகளில் கைகோத்து நடந்த சதி என்றார் நிர்வாக இயக்குநர் என். காமகோடி. ஊழியர்கள் யாருக்கும் இதில் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றும் வங்கி தெரிவித்தது. கும்பகோணம் பேங்க் என்ற பெயரில் 1904-ல் தொடங்கி, 1930-ல் மன்னார்குடியில் முதல் கிளை திறந்து, டெல்டா மண்ணிலேயே வேர் பிடித்த வங்கி அது. காசு போனதைவிடப் பேர் போவதற்கு அஞ்சும் ஊர்களில் இப்படி முன்வந்து சொன்னது சின்ன விஷயமல்ல.

சொன்ன நேரமும் பார்க்க வேண்டியது. மூன்று நாள் முன்புதான் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளையில் நடந்த நீரவ் மோடி மோசடி வெடித்திருந்தது. அதன் முதல் கணக்கே 11,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதிலும் ஸ்விஃப்ட்தான் வழி. ஆனால் அங்கே உள்ளே இருந்த ஆட்களே செய்தார்கள். கும்பகோணத்தில் வெளியே இருந்தவர்கள் உள்ளே வந்து, உள்ளே இருப்பவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். இரண்டிலும் ஸ்விஃப்ட் கேட்டது ஒரே கேள்விதான்: உத்தரவு சரியான இடத்திலிருந்து வருகிறதா? வருகிறது. அப்படியென்றால் சரி.

பிரிண்டர் தந்திரம்கூடப் புதிதல்ல. இரண்டு வருடம் முன்பு, 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியில் இதேதான் நடந்தது. டாக்கா அலுவலகத்தின் ஸ்விஃப்ட் பிரிண்டர் வெள்ளிக்கிழமை அடங்கிக் கிடந்தது. வழக்கமான கோளாறு என்று விட்டுவிட்டார்கள். அதற்குள் 95 கோடி டாலர் கேட்டு உத்தரவுகள் நியூயார்க்குக்குப் போய்விட்டன. 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய்ச் சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. இலங்கையில் ஒரு அறக்கட்டளையின் பெயருக்குப் போன 2 கோடி டாலர், அந்தப் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்ததால் தப்பியது. ஸ்விஃப்ட் கணினிகள் இருந்த நெட்வொர்க்கில் ஃபயர்வால் இல்லை, பழைய மலிவு ஸ்விட்சுகளை வைத்தே இணைத்திருந்தார்கள் என்று விசாரணை அதிகாரி பிறகு சொன்னார்.

நம் ரிசர்வ் வங்கி தூங்கவில்லை. 2016 ஆகஸ்டிலிருந்து ஸ்விஃப்ட் விஷயத்தில் மூன்று முறை வங்கிகளை ரகசியமாக எச்சரித்ததாக 2018 பிப்ரவரி 20 அறிக்கையில் அதுவே சொன்னது. ஸ்விஃப்டை வங்கியின் மையக் கணக்கு மென்பொருளோடு கட்டாயம் இணைக்க வேண்டும் என்று கெடுவும் விதித்தது. ஸ்விஃப்ட் தொடர்பான உத்தரவுகளைச் சரிவர நிறைவேற்றாததற்காக 2019 மார்ச்சில் 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. அதாவது கும்பகோணம் விதிவிலக்கு அல்ல. நாடு முழுக்க அதே பழக்கம்தான்.

அந்தப் பழக்கம் என்ன? உள்ளே இருக்கும் கணினியை, அது உள்ளே இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நம்புவது. வாசலில் காவல் போட்டாயிற்று, ஃபயர்வால் வாங்கியாயிற்று, ஆன்டிவைரஸ் புதுப்பித்தாயிற்று. இனி உள்ளே நடமாடும் எதையும் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், மனிதர்கள் விஷயத்தில் வங்கி ஒருநாளும் இப்படி இருந்ததில்லை. பாதுகாப்பு அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். முப்பது வருட சர்வீஸ் உள்ள கேஷியராக இருந்தாலும் சாயங்காலம் பணத்தை எண்ணிக் காட்டியே ஆக வேண்டும். ஒருவர் பதிவு செய்தால் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். யாரும் இதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. மேனேஜர் நம்மைச் சந்தேகப்படுகிறார் என்று புலம்புவதும் இல்லை. கும்பகோணத்தில் திருட்டைக் கண்டுபிடித்ததும் அந்தப் பழைய ஒழுக்கம்தான். போன உத்தரவையும் சொந்தப் பதிவையும் தனித்தனியாக வைத்து ஒத்துப் பார்த்ததால்தான் பிடிபட்டது. ஆளை இப்படிச் சோதித்த நிறுவனங்கள், கணினி வந்ததும் அதன் சொல்லை மட்டும் அப்படியே ஏற்றுக்கொண்டன.

இந்த ஓட்டையைப் பற்றித்தான் கணினிப் பாதுகாப்பு உலகம் பதினைந்து வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் 2010-ல் ஜீரோ டிரஸ்ட் என்ற பெயரை வைத்துப் பரப்பினார். அதே வருடம் ஜனவரியில் கூகுள், சீனாவிலிருந்து வந்த தாக்குதலில் தன் அறிவுச்சொத்து திருடுபோனதாக அறிவித்தது. அடிபட்ட கூகுள் தன் அலுவலக நெட்வொர்க்கையே வேறு மாதிரி கட்டியது. ஊழியர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி, காபிக் கடையில் உட்கார்ந்திருந்தாலும் சரி, மதிப்பு ஒன்றுதான். பியாண்ட்கார்ப் என்ற அந்த ஏற்பாட்டைப் பற்றி 2014-ல் கட்டுரையும் வெளியிட்டது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் இதற்கு ஒரு முறையான இலக்கணம் வகுத்தது. 2025 ஜூனில் வெளியான ரிசர்வ் வங்கியின் நிதி நிலைத்தன்மை அறிக்கையிலும் இந்தப் பெயர் வந்துவிட்டது.

சாரம் எளிது. ஒரு கோரிக்கை எங்கிருந்து வருகிறது என்பது அதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது. கேட்பவர் யார், அவர் பயன்படுத்தும் கணினி நல்ல நிலையில் இருக்கிறதா, இந்த வேலைக்கு அவருக்கு உரிமை உண்டா, இந்த நேரத்தில் இதைக் கேட்பது வழக்கமா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் அந்த ஒரு வேலைக்கு, அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் கதவு திறக்க வேண்டும். இதோடு இன்னொரு அடிப்படை: திருடன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான் என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும். அவன் வந்தாலும் ஒரு அறைக்கு மேல் போக முடியாதபடி.

டெல்டாவில் இதைப் புரியவைக்கப் பெரிய விளக்கம் தேவையில்லை. கிளை வாய்க்காலிலிருந்து முதல் வயலுக்குத் தண்ணீர் இறங்கும். அங்கிருந்து வரப்பில் மடை வெட்டி அடுத்த வயலுக்கு, அதிலிருந்து அதற்கடுத்த வயலுக்கு என்று வயலுக்கு வயல் பாயும். செலவு குறைவு, நிலமும் மிச்சம். ஆனால் மேல் வயல்காரர் போட்ட உரமும் அடித்த மருந்தும் கீழ் வயலுக்கு வந்து சேரும். நடுவில் ஒருவர் அறுவடைக்கு வயலைக் காய வைக்க நினைத்தாலும் முடியாது. நம் அலுவலகங்களின் நெட்வொர்க் பெரும்பாலும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கேமரா, வருகைப்பதிவு இயந்திரம், வரவேற்பறைக் கணினி, சம்பளப் பட்டியல், பணம் அனுப்பும் இயந்திரம் எல்லாம் ஒரே பாய்ச்சல். ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்காலும் தனி மதகும் வைப்பதுதான் இந்தப் புதிய முறையின் பாதி வேலை.

மதகு இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு நாடாளுமன்றப் பதிவே சாட்சி. 2022 நவம்பர் 23-ம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நாட்டின் முதன்மை மருத்துவமனை ஏறத்தாழ இரண்டு வாரம் பேனாவும் பேப்பருமாக ஓடியது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று மத்திய அரசே மாநிலங்களவையில் பதில் சொன்னது. அயல்நாட்டு சதி, அதிநவீன ஆயுதம் என்றெல்லாம் பேச்சு அடிபட்ட விஷயத்தில் இவ்வளவு சாதாரணமான ஒரு பதில்.

நேர்மாறான உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் டிட்ராக் என்ற தீநிரல் நுழைந்ததாகச் செய்தி வந்தது. அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று அக்டோபர் 29-ல் நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. மறுநாளே அணுசக்திக் கழகம் ஆமாம் என்றது. பாதிக்கப்பட்டது இணையத்தோடு இணைந்த, நிர்வாகப் பணிக்கான ஒரு கணினி. உலையை இயக்கும் முக்கிய நெட்வொர்க்குக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது விளக்கம். முதலில் மறுத்தது தவறுதான். ஆனால் பிரித்து வைத்திருந்ததால் ஒரு பெரிய பயம் ஒரு கணினியோடு நின்றது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் டெல்லிக்கும் கூடங்குளத்துக்கும். திருவையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் என்ன வந்தது என்று தோன்றலாம். வந்திருக்கிறது.

டெல்டா விவசாயியின் வாழ்க்கைக் கணக்கு முழுவதும் இன்று ஏதோ ஒரு சர்வரில் கிடக்கிறது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு எண், பயிர்க்கடன், அடகு வைத்த நகையின் எடை, பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு நேரடியாகக் கணக்கில் விழும் பணம். 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவித்தபோது அதன் அளவு 12,110 கோடி ரூபாய், பயனாளிகள் 16.43 லட்சம் பேர். அவ்வளவு பேருடைய விவரமும் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கில் இருந்துதான் வந்தது. இப்போது அந்தச் சங்கங்களே கணினிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாயில் ஒரே மென்பொருளின் கீழ் கொண்டுவர மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் தந்தது. நபார்டு அதை நடத்துகிறது. தமிழ்நாட்டில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள்.

நல்ல திட்டம். சிவப்பு நிறக் கெட்டி அட்டை லெட்ஜரில் பென்சிலால் திருத்திய காலம் போகட்டும். ஆனால் லெட்ஜரைத் திருட ஒருவன் சங்கத்துக்கே வர வேண்டியிருந்தது. இனி அப்படியில்லை.

கூட்டுறவு வங்கிகளுக்கு இதில் ஏற்கெனவே இரண்டு அடி விழுந்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் ஏ.டி.எம். அமைப்புக்குள் புகுந்தவர்கள், 28 நாடுகளின் ஏ.டி.எம்.களில் போலி அட்டைகளால் பணம் எடுத்தார்கள். ஸ்விஃப்ட் வழியாக ஹாங்காங்குக்கும் அனுப்பினார்கள். இரண்டு நாளில் போனது 94 கோடி ரூபாய். இரண்டாவது அடி வேறு வகை. 2024 ஜூலை 31 அன்று, கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் மென்பொருள் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தைப் பணயத் தீநிரல் தாக்கியது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யு.பி.ஐ. நின்றது. ஒரு வங்கியும் தானாகத் தப்பு செய்யவில்லை. சி-எட்ஜோடு தொடர்பிலிருந்த இன்னொரு நிறுவனத்தின் சரியாக அமைக்கப்படாத ஒரு சர்வர் வழியாகவே நுழைந்தார்கள் என்று கிளவுட்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்து சொன்னது. வங்கி நம்பியது சி-எட்ஜை. சி-எட்ஜ் நம்பியது இன்னொருவரை. கடைசியில் டீக்கடையில் போனை நீட்டியவருக்குப் பணம் போகவில்லை.

அப்போது யு.பி.ஐ.யை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் செய்த முதல் வேலை சி-எட்ஜைத் தன் நெட்வொர்க்கிலிருந்து துண்டித்தது. மறுநாள் சரிபார்த்த பிறகே திரும்பச் சேர்த்தது. பாதிப்பு மற்ற இடங்களுக்குப் பரவாமல் தடுக்கத்தான் அந்த மதகு மூடப்பட்டது. மேலே இருக்கும் பெரிய நிறுவனத்திடம் மதகு இருக்கிறது. கீழே, சங்கத்திடம் இருக்கிறதா?

சங்கத்தில் நடப்பதைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். நகைக்கடன் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. செயலாளர் மென்பொருள் நிறுவனப் பையனுக்குப் போன் போடுகிறார். “தம்பி, கொஞ்சம் உள்ள வந்து பாரு. கூட்டம் நிக்குது.” அந்தப் பக்கத்திலிருந்து, “எனிடெஸ்க் நம்பர் சொல்லுங்க சார். பாஸ்வேர்டு பழசுதானே?” பழசுதான். மூன்று வருடமாக அதேதான். செயலாளரும் எழுத்தரும் தினக்கூலி டேட்டா என்ட்ரி பெண்ணும் ஒரே லாகினில் வேலை செய்கிறார்கள். பையன் எனிடெஸ்க் என்ற மென்பொருள் வழியாகத் தூரத்திலிருந்தே சரி செய்துவிட்டு வெளியேறுகிறான். அந்த வாசல் திறந்தே கிடக்கிறது. ஆறு மாதம் கழித்து அவன் வேறு கம்பெனிக்குப் போன பிறகும் அந்த நம்பர் வேலை செய்யும்.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கூட்டம் உண்மையிலேயே நிற்கிறது. சம்பா நடவுக்குப் பணம் வேண்டும். முகம் பார்த்துப் பழகி, சொல்லை நம்பி நடப்பதுதான் இந்த ஊர்களின் பலம், கூட்டுறவு இயக்கத்தின் உயிரும் அதுதான். அந்த நம்பிக்கை மனிதர்களுக்கு நடுவில் அப்படியே இருக்கட்டும். ஆனால் எனிடெஸ்க் நம்பருக்கு முகம் கிடையாது. மறுமுனையில் இருப்பது அந்தத் தம்பிதானா, அவன் மடிக்கணினியைக் கைப்பற்றிய வேறொருவனா என்பதைச் செயலாளர் பார்க்க வழியில்லை.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். இரண்டும் நியாயமானவை.

முதலாவது, சோதனை கூடினால் சேவை நின்றுவிடும் என்பது. வடகிழக்குப் பருவமழையில் கரண்டும் சிக்னலும் போகும் ஊரில், ஒவ்வொரு லாகினுக்கும் செல்போனுக்கு ஓ.டி.பி. வர வேண்டும் என்றால் வேலை நடக்குமா? நாற்று நட்டும் கருக்கரிவாள் பிடித்தும் ரேகை தேய்ந்துபோன கைகளை ரேஷன் கடை இயந்திரம் ஏற்க மறுத்ததை டெல்டா நன்றாகவே அறியும். கடைசியில் கண் கருவிழிப் பதிவைக் கொண்டுவர வேண்டியிருந்தது. எனவே சோதனையின் சுமை எங்கே விழுகிறது என்பது முக்கியம். கவுன்டரில் நிற்கும் விவசாயி மேல் அது விழக் கூடாது. சர்வரைத் திறக்கும் அதிகாரம் உள்ள நாலைந்து பேர் மேல் விழ வேண்டும். அவர்களுக்குச் சிக்னல் தேவைப்படாத, யு.எஸ்.பி.யில் செருகும் பாதுகாப்புச் சாவி ஒன்று கொடுத்தால் போதும். சில ஆயிரம் ரூபாய்தான். பயோமெட்ரிக் இயந்திரத்தை விவசாயிக்கு நீட்டிவிட்டு, அட்மின் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைப்பது தலைகீழ் ஏற்பாடு. இன்று பல இடங்களில் இருப்பது அந்தத் தலைகீழ்தான்.

இரண்டாவது ஆட்சேபம் ஊழியர்களுடையது. எங்களை நம்பவில்லையா, ஒவ்வொரு நிமிடமும் கண்காணிக்கப் போகிறீர்களா? சில நிறுவனங்கள் பாதுகாப்பு என்ற போர்வையில் ஊழியர் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் ஸ்கிரீனையும் பதிவு செய்யும் மென்பொருளை ஏற்றுகின்றன. அது வேவு, ஜீரோ டிரஸ்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உண்மையில் தனி லாகின் ஊழியருக்கே கவசம். ஒரே பாஸ்வேர்டை நான்கு பேர் பயன்படுத்தும் சங்கத்தில் நாளை பணம் காணாமல் போனால், நான்கு பேர் தலையும் உருளும். யார் செய்யவில்லை என்று நிரூபிக்கக்கூட ஆதாரம் இருக்காது.

கூட்டுறவைத் தாண்டி இந்தப் பேச்சு இப்போது தஞ்சாவூரின் ஐ.டி. ஆபீசுகளுக்கும் வந்துவிட்டது. மேலவஸ்தாசாவடியில் சுமார் 55,000 சதுர அடியில் கட்டிய நியோ டைடல் பூங்கா 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. சாஸ்திராவிலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்களில் ஒரு பகுதியினர் கொரோனாவுக்குப் பிறகு ஊரிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். சின்ன கம்பெனிகளுக்கு வரும் வெளிநாட்டு வேலை எல்லாம் இன்னொருவர் நெட்வொர்க்குக்குள் போய்ச் செய்ய வேண்டிய வேலை. அதாவது சி-எட்ஜ் கதையில் நுழைவாசலாகிப்போன அந்த இன்னொரு நிறுவனத்தின் இடத்தில் இவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2013-ல் டார்கெட் கடைச் சங்கிலியிலிருந்து 4 கோடி அட்டை விவரங்கள் திருடுபோனது, அதற்குக் குளிர்சாதன வேலை பார்த்த ஒரு சிறு ஒப்பந்தக்காரரின் லாகின் வழியாக. 2021 மே மாதம் அந்நாட்டின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் கலோனியல் பைப்லைன் நின்றது, யாரும் பயன்படுத்தாமல் மறந்துபோன ஒரு வி.பி.என். கணக்கால். அதற்கு இருந்தது ஒற்றைப் பாஸ்வேர்டு மட்டுமே. வி.பி.என். என்பது பலர் நினைப்பது போலக் காவல் அல்ல. வெளியே இருப்பவரை உள்ளே இருப்பவராக மாற்றும் வாசல். வாசலைத் தாண்டியவருக்கு முழு வீடும் திறந்திருந்தால் அந்த வாசல் பூட்டால் என்ன பயன்? எனவே வாடிக்கையாளர்கள் இப்போது ஒப்பந்தத்துக்கு முன்பே நீண்ட கேள்விப் பட்டியல் அனுப்புகிறார்கள். உங்கள் ஊழியர் வேலையை விட்டால் எத்தனை மணி நேரத்தில் அவர் அனுமதி ரத்தாகும்? எங்கள் சர்வரைத் தொடும் கணினியில் வேறு யார் உட்காருவார்கள்? தஞ்சாவூரின் சின்ன கம்பெனி இதற்கு நேர்மையாகப் பதில் எழுத முடிந்தால் சென்னைக் கம்பெனியோடு சமமாகப் போட்டி போடலாம். வாடகை குறைவு என்பதைவிட அது பெரிய தகுதி.

எச்சரிக்கை ஒன்று. ஜீரோ டிரஸ்ட் என்ற பெயரை ஒட்டிய பெட்டியை விற்க வியாபாரிகள் வரிசையில் நிற்கிறார்கள். ஃபயர்வாலுக்கும் இதே பெயர், வி.பி.என்.னுக்கும் இதே பெயர். ஜீரோ டிரஸ்ட் கடையில் கிடைக்கும் சாமான் அல்ல. எந்த வாசல் யாருக்கு, எதற்கு, எவ்வளவு நேரம் என்று உட்கார்ந்து எழுதும் வேலை. அதை எழுதாமல் பெட்டி வாங்கியவர் கையில் பில் மட்டும் மிஞ்சும்.

ஒரு சங்கமோ, நகர வங்கியோ, இருபது பேர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனமோ எங்கே தொடங்குவது? பணம் அனுப்பும் கணினியில் அந்த ஒரு வேலையைத் தவிர மெயிலும் யூடியூபும் வேண்டாம். அதைத் தனி நெட்வொர்க்கில் வைக்கலாம். ஆளுக்கு ஒரு லாகின். வெளியிலிருந்து சரிசெய்ய வருபவருக்கு, கேட்ட நேரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் திறந்து தானாக மூடிக்கொள்ளும் அனுமதி, அதுவும் உள்ளே ஒருவர் சரி என்று அழுத்திய பிறகு. வேலையை விட்டவரின் லாகின் அன்று மாலைக்குள் மூடப்பட வேண்டும். யார் எப்போது எதைத் தொட்டார் என்ற பதிவை 180 நாள் வைத்திருக்கச் சொல்லி, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருக்கிறது. ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. தனிநபர் தரவைக் காக்கத் தவறினால் 2023-ன் சட்டப்படி 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஒரு சிறு நிறுவனம் அந்தத் தொகையைக் கனவிலும் பார்த்திருக்காது.

ஆனால் சங்கச் செயலாளர் தலையில் இதை எல்லாம் கட்டுவது சரியில்லை. நெல்லின் ஈரப்பதமும் நகையின் தரமும் பார்ப்பவரிடம் நெட்வொர்க்கையும் பிரித்து வை என்பது அநியாயம். மென்பொருளையும் கணினியையும் வாங்குவது மேலே. எனவே மதகும் மேலேதான் வைக்கப்பட வேண்டும். கூட்டுறவுத் துறையும் நபார்டும் அடுத்த டெண்டரிலும் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் மூன்று நிபந்தனைகளை எழுதினால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்: பொது லாகின் கூடாது, நிரந்தர ரிமோட் அனுமதி கூடாது, ஒரு சங்கத்தில் நடந்த ஊடுருவல் அடுத்த சங்கத்தைத் தொடக் கூடாது. இதை எழுத 2,516 கோடியில் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தேவையில்லை. மென்பொருளை ஓடவிட்ட பிறகு மாற்றுவதற்குத்தான் செலவு.

உறுப்பினர்களுக்கும் ஒரு வேலை உண்டு. சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் டீயும் காராபூந்தியும் வந்ததும் தீர்மானங்களுக்குக் கை தூக்கிவிட்டு எழுந்துவிடுவது வழக்கம். அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, நம் சங்கக் கணக்கைத் திறக்கும் பாஸ்வேர்டு எத்தனை பேரிடம் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேர் இன்னும் இங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.